குட்டிப் பன்றிக்கான தாது உப்புக் கலவை: பையில் என்ன இருக்கிறது, மூக்கு எலும்புக்கு அது உதவுமா?

குட்டிகள் தும்மத் தொடங்கினால், கண்ணோரம் கறுப்பாகக் கண்ணீர்க் கறை படிந்தால், ஒன்றிரண்டுக்கு மூக்கு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டால், பண்ணையில் முதலில் வந்து இறங்குவது ஒரு பை தாது உப்புக் கலவைதான். மூக்கெலும்பு கரைகிறது, ஆகவே கால்சியம் போதவில்லை என்ற கணக்கு. கலவை விற்பவர்களும் அதையே சொல்லி விற்கிறார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி, பையில் அச்சிட்டிருக்கும் எண்களை வைத்து எந்த வகையை வாங்கலாம் என்று இங்கே பார்க்கிறோம். எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் வராது. ஒரே பெயரிலேயே மூன்று விதமான பைகள் வருவதால் பெயரைவிட எண்தான் முக்கியம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல கலவை காலையும் விலாவையும் தாடையையும் காக்கும். மூக்கை அது தனியாகக் காக்காது. சுண்ணாம்பு மிகுந்த மட்டமான கலவையோ எலும்புக்கும் உதவாமல், கொட்டிலின் காற்றையும் கெடுத்து மூக்குக்குக் கூடுதல் சுமை வைக்கும்.

மூக்குக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தால் இது விளங்கும். நல்ல குட்டியின் மூக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், நடுவில் நேரான ஒரு தடுப்பு, அதன் இரு பக்கமும் சுருட்டிய இலை போல மெல்லிய எலும்புச் சுருள்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. காற்று அந்தச் சுருள்களின் ஈரமான சவ்வில் உரசிப் போகும்போது சூடாகிறது, தூசி ஒட்டிக்கொள்கிறது. மூக்கைக் கோணவைக்கும் இந்த நோய் (அட்ரோபிக் ரைனைடிஸ்) வந்தால் முதலில் போவது கீழ்ச்சுருள். ஓரம் மழுங்கி, சுருள் நிமிர்ந்து, கடைசியில் அந்த இடம் வெறும் குகையாகிவிடும். தடுப்பும் வளையும். வெளியே நாம் பார்க்கும் கோணல் மூக்கு இதன் கடைசிக் கட்டம்தான்.

இந்தச் சுருள் எலும்பு கரைய ஊட்டக்குறைவே காரணம் என்று 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வலுவாக வாதிட்டார்கள். கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் மிகும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு, இரத்தத்தில் கால்சியத்தை நிலைநிறுத்த எலும்பிலிருந்து இழுக்கிறது. மூக்குச் சுருள் மெல்லியது என்பதால் முதலில் அது போகிறது என்பது அவர்கள் விளக்கம். சுரப்பியைப் பற்றிய பகுதி உண்மை. ஆனால் மற்ற ஆய்வகங்களில் கால்சியம் குறைந்த தீவனத்தால் மட்டும் அந்த மூக்கு நோயை வரவழைக்க முடியவில்லை. 1980களில் விடை தெளிவானது. பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமியின் நச்சு சுரக்கும் வகைகள் மூக்கில் குடியேறுகின்றன. அந்த நச்சு எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டி, எலும்பைக் கட்டும் செல்களை அடக்குகிறது. தீவனத்தில் எவ்வளவு கால்சியம் கொட்டினாலும் நச்சு அந்த வேலையை நிறுத்தாது.

ஆனால் அந்தக் கிருமி நல்ல சவ்வில் எளிதில் ஒட்டாது. சவ்வு புண்பட வேண்டும். ஆய்வுகளில் குட்டியின் மூக்கில் நீர்த்த அசெட்டிக் அமிலம் விட்டு எரிச்சலூட்டிய பிறகே பாஸ்டுரெல்லாவைக் குடியேற்றுகிறார்கள். பண்ணையில் அந்த அமிலத்தின் வேலையைச் செய்பவை மூன்று: போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற இன்னொரு கிருமி, அம்மோனியா, தூசி. பின்னிரண்டுக்கும் தீவனத்தோடு நேரடித் தொடர்பு உண்டு.

இனி பைகள். எல்லாவற்றையும் ஒரே தீவனத்தில் வைத்துப் பார்ப்போம். 11 முதல் 25 கிலோ எடையுள்ள குட்டிகளுக்கு 100 கிலோ தீவனம்: மக்காச்சோளம் 66 கிலோ, சோயா புண்ணாக்கு 30 கிலோ, மீதி எண்ணெய், உப்பு, வைட்டமின், தாது. இந்தத் தானியமும் புண்ணாக்கும் சேர்ந்து தருவது கால்சியம் ஏறக்குறைய 0.10 சதவீதம், பாஸ்பரஸ் 0.38 சதவீதம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2012 அட்டவணைப்படி இந்த எடைக்குத் தேவை கால்சியம் 0.70, மொத்த பாஸ்பரஸ் 0.60. ஆகவே 100 கிலோவுக்கு 600 கிராம் கால்சியமும் 220 கிராம் பாஸ்பரஸும் வெளியிலிருந்து வர வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு பையைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் வகை, கால்சியம் 28, பாஸ்பரஸ் 5 சதவீதம் என்று எழுதியிருப்பது. அதிகம் விற்பது இதுதான். பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் தூள், அதனால் மலிவு. 100 கிலோவுக்கு 2 கிலோ சேர்த்தால் கால்சியம் 560 கிராம், பாஸ்பரஸ் 100 கிராம் கிடைக்கும். தீவனத்தில் கால்சியம் 0.66, பாஸ்பரஸ் 0.48. கால்சியம் ஏறக்குறைய சரி. பாஸ்பரஸில் 120 கிராம் பள்ளம். அதிலும் தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. பன்றியின் குடலால் அதைத் திறக்க முடியாது. எலும்பு கட்ட இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பதால், பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் எலும்பில் சேராமல் வெளியேறிவிடும்.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. குட்டி இன்னும் நொண்டுகிறதே என்று மேலும் ஒரு கிலோ சுண்ணாம்புக்கல் தூளை அள்ளிப் போடுகிறார்கள். கால்சியம் 1.04, பாஸ்பரஸ் அதே 0.48. கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது. தானியத் தீவனத்தில் இது 1 முதல் 1.25 பங்குக்குள் இருக்க வேண்டும். மிகுந்த கால்சியம் இருக்கிற கொஞ்சம் பாஸ்பரஸையும் கட்டிப்போடும், துத்தநாகத்தையும் தடுக்கும். தோல் தடித்துச் செதில் செதிலாக வெடிப்பது அந்தத் துத்தநாகக் குறையால்தான். பால்குடி மறந்த குட்டியின் வயிற்றில் அமிலம் ஏற்கெனவே குறைவு. சுண்ணாம்பு அதையும் தணித்துவிடும், புரதம் செரிக்காமல் கழிச்சல் வரும். இந்த வகைப் பையை வாங்கத் தேவையில்லை. வாங்கிவிட்டால் 2 கிலோவில் 1.2 கிலோவை மட்டும் போட்டு, அதோடு 1 கிலோ டைகால்சியம் பாஸ்பேட் (கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு) சேர்த்தால் சமாளிக்கலாம். ஆனால் பையில் வரும் நுண்தாதுக்களும் அதே அளவுக்குக் குறைந்துவிடும், தனியே ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாவது வகை, கால்சியம் 24, பாஸ்பரஸ் 12. டைகால்சியம் பாஸ்பேட்டை அடிப்படையாக வைத்தது. 2 கிலோவில் கால்சியம் 480, பாஸ்பரஸ் 240 கிராம். தீவனத்தில் கால்சியம் 0.58, பாஸ்பரஸ் 0.62. கால்சியம் கொஞ்சம் குறைகிறது. 300 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்தால் 0.69க்கு வந்துவிடும். எங்கள் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். ஒரு விஷயத்தை மட்டும் விற்பவரிடம் கேட்டாக வேண்டும்: பாஸ்பேட் எங்கிருந்து? சுத்திகரிக்காத பாறை பாஸ்பேட்டில் ஃபுளோரின் இருக்கும், மாதக்கணக்கில் தின்றால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஃபுளோரின் அளவைப் பையில் அச்சிட்டிருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

மூன்றாவது, கால்சியம் 22, பாஸ்பரஸ் 4, கூடவே பைட்டேஸ் நொதி. பூட்டிய பாஸ்பரஸைத் திறக்கும் சாவி இது, நல்ல யோசனை. சாணத்தில் வீணாகும் பாஸ்பரஸும் குறையும். ஆனால் "பைட்டேஸ் சேர்த்தது" என்ற ஒரு வரி போதாது. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் கிடைக்க வேண்டுமானால், 100 கிலோவுக்கு 2 கிலோ போடும் கலவையில் கிலோவுக்கு 25,000 யூனிட் இருக்க வேண்டும். அந்த எண் பையில் இல்லாவிட்டால் முதல் வகைப் பையையே கூடுதல் விலைக்கு வாங்குகிறீர்கள். நொதி என்பதால் ஈரமும் சூடும் ஆகாது. தாதுக்களோடு ஒட்டிக் கிடக்கும்போது இன்னும் வேகமாகச் சக்தி இழக்கும். தயாரித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் போன பையைத் தொடாதீர்கள். சூடாக அழுத்திக் குருணையாக்கும் தீவனத்துக்குள் போகப்போகிறது என்றால், வெப்பம் தாங்கும்படி பூச்சிட்ட பைட்டேஸ்தானா என்று கேளுங்கள். தீவனத்தை நீங்களே தூளாகக் கலந்து, வாரத்துக்குள் தீர்த்துவிடுபவர் என்றால் இந்த வகை பொருந்தும்.

தண்ணீரில் கலக்கும் கால்சியம் டானிக்கைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு குட்டிக்குக் கிடைக்கும் கால்சியம் தீவனத்தில் கிடைப்பதன் ஓரத்துக்குக்கூட வராது. அதில் உண்மையாக வேலை செய்யும் பொருள் வைட்டமின் டி3. வெயில் படாத கொட்டிலில் அது தேவைதான், ஆனால் தீவனத்தில் கிலோவுக்கு 200 யூனிட் இருந்தாலே இந்த எடைக்குப் போதும், நல்ல வைட்டமின் கலவை அதைப் போல பல மடங்கு தந்துவிடும். கலவையும் டானிக்கும் ஊசியும் ஒன்றாகப் போனால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

பையைப் பிரித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கண்ணாடி டம்ளரில் ஒரு தேக்கரண்டி கலவை, அரை டம்ளர் வினிகர். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல். கொஞ்சம் நுரைப்பது இயல்பு. பாஸ்பரஸ் 12 என்று எழுதிய பை சோடா போலப் பொங்கினால் சந்தேகப்படுங்கள். சிறிது நேரம் கிளறிவிட்டு அடியில் தங்குவதை விரலால் தேய்த்துப் பாருங்கள். டைகால்சியம் பாஸ்பேட் வினிகரில் முழுதாகக் கரையாது, ஆனால் மாவாக நசுங்கும். நறநறவென்று நெருடினால் மணல். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது, ஏமாற்றின் முதல் வாடையைக் காட்டும், அவ்வளவே.

தூளின் நயமும் மூக்கோடு சம்பந்தப்பட்டது. முகப்பவுடர் போல மிக மெல்லியதாக அரைத்த கலவையைக் கொட்டும்போதே புகை மாதிரி எழும்பும். குட்டி தொட்டியில் மூக்கைப் புதைத்துத் தின்பது. ஒவ்வொரு வாயிலும் அந்தத் தூளை உள்ளிழுக்கும். தீவனத்தில் 1 முதல் 2 சதவீதம் எண்ணெய் சேர்த்தால் தூசி கண்ணுக்குத் தெரியும்படி அடங்கும், கலவையும் தானியத்தோடு ஒட்டி நிற்கும். எண்ணெய் இல்லாத தீவனத்தில் கனமான தாது அடியில் இறங்கிவிடும். தொட்டி காலியாகும்போது அடியில் வெள்ளைப் படிவம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் நீங்கள் காசு கொடுத்த தாது குட்டியின் வயிற்றுக்குப் போகவில்லை. கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும்: 2 கிலோ கலவையை நேரே 100 கிலோவில் கொட்டாமல், முதலில் 5 கிலோ சோள மாவில், பிறகு அதை 20 கிலோவில், பிறகு மொத்தத்தில் கலந்து, எண்ணெயைக் கடைசியாகத் தெளிக்க வேண்டும். எண்ணெயை முதலில் விட்டால் தாது உருண்டை உருண்டையாகத் திரளும்.

காற்றுக்கு வருவோம். அம்மோனியா 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு) இருப்பது நல்லது. 25ஐத் தொட்டால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். இங்கேதான் மட்டமான கலவையின் இரண்டாவது தீங்கு. சுண்ணாம்புக்கல் மிகுந்த தீவனம் பன்றியின் சிறுநீரைக் காரமாக்குகிறது. சிறுநீர் காரமானால் அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக எளிதில் கிளம்பும். கால்சியம் கார்பனேட்டுக்குப் பதிலாகக் கால்சியம் சல்பேட், கால்சியம் குளோரைடு போன்றவற்றைக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வுகளில் சிறுநீரின் காரமும் அம்மோனியாவும் சேர்ந்தே இறங்கின. குட்டியின் காலுக்கென்று அள்ளிப் போட்ட சுண்ணாம்பு அதன் மூக்கை எரிக்கிறது. ஈரத் தரையில் சுண்ணாம்புத் தூளைத் தூவும் வழக்கமும் இதே தப்பைத்தான் செய்கிறது: தூளும் எரிக்கும், காரம் சாணத்திலிருந்து அம்மோனியாவையும் கிளப்பும். தரைக்குச் சுண்ணாம்பு வேண்டுமானால் கொட்டில் காலியாக இருக்கும்போது கரைத்துப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு குட்டிகளை விடுங்கள்.

புரதத்துக்கும் இதில் பங்கு உண்டு. குட்டி நன்றாக வளரட்டும் என்று சோயாவைக் கூட்டிக்கொண்டே போனால், உடல் பயன்படுத்தாத புரதம் யூரியாவாகச் சிறுநீரில் வரும். லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்து, மொத்தப் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால் அம்மோனியா சுமார் 10 சதவீதம் குறைகிறது. மூக்கெலும்புக்காகத் தீவனத்தில் செய்யக்கூடிய உருப்படியான மாற்றங்களில் இதை முதலில் வைப்போம்.

அம்மோனியாவை அளக்கும் சோதனைத் தாள், இந்த விஷயத்தில் கலவைப் பைக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள். நம் மூக்கை நம்பக் கூடாது. கொட்டிலுக்குள் போன சில நிமிடங்களில் அது பழகிவிடும். தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்புக்கே தாள் நிறம் மாறிவிடலாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், குட்டியின் மூக்கு மட்டத்தில், 15 விநாடி அசைக்காமல் பிடித்து நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். நேரம் விடியற்காலை, திரைகளைத் திறக்கும் முன். கழுவி முடித்த மதியத்தில் அளந்தால் எல்லாக் கொட்டிலும் நல்ல கொட்டில்தான். தாள் துல்லியமாகச் சொல்லாது, 5க்கும் 20க்கும் வித்தியாசம் காட்டும், அது போதும். மின்னணு மானி வாங்குபவர்கள் அதன் உணரியை அவ்வப்போது சரிபார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஈரமும் தூசியும் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

குளிர் நாளில் குட்டிக்குச் சூடு வேண்டும் என்று கொட்டிலை முழுதாக மூடுவதுதான் அம்மோனியா அளவு ஏறக் காரணம். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி தேவை என்பது உண்மை. அந்தச் சூட்டை விளக்கு மாட்டிய சிறு பெட்டிக்குள் கொடுத்துவிட்டு, கொட்டிலின் மேல்பக்கத் திறப்பைத் திறந்து வையுங்கள். குட்டி படுக்கும் மட்டத்தில் மட்டும் காற்று அடிக்கக் கூடாது.

கலவையா, காற்றா, கிருமியா, எது உங்கள் பண்ணையின் குறை என்று இறந்த குட்டி ஒன்றை வைத்தே பாதி தெரிந்துகொள்ளலாம். விலா எலும்பு ஒன்றை எடுத்து வளையுங்கள். படீரென்று முறிந்தால் எலும்பு கெட்டி. பச்சைக் குச்சி போல வளைந்து கொடுத்தால், விலாவும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் மணி மணியாகப் புடைத்திருந்தால், தீவனக் குறை. பிறகு மூக்கை முதல் முன்கடைவாய்ப்பல்லின் நேரே குறுக்காக அறுங்கள். அதற்கு முன்னால், மூக்கு நுனிப் பக்கம் அறுத்தால் நல்ல மூக்கிலும் சுருள் சிறுத்தே தெரியும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விலா கெட்டியாக இருந்து கீழ்ச்சுருள் மட்டும் மறைந்திருந்தால் கலவையை மாற்றிப் பயனில்லை. மூக்குச் சளியை ஆய்வகத்துக்கு அனுப்பி நச்சு வகைப் பாஸ்டுரெல்லா உண்டா என்று கேளுங்கள். இருந்தால் வழி தாய்க்குத் தடுப்பூசி: ஈனுவதற்கு முன் இரண்டு தவணை, மருந்தோடு வரும் அட்டவணைப்படி. பாதுகாப்பு சீம்பால் வழியாகத்தான் குட்டிக்குப் போகும், ஆகவே பிறந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் குடித்ததா என்று பார்ப்பது ஊசி போடுவதற்குச் சமமான வேலை.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்றும் விற்பவர்கள் சொல்வதில்லை. பாஸ்பரஸ் பள்ளத்தை நிரப்பினால் குட்டியின் நடை சில வாரங்களில் தேறும். ஏற்கெனவே வளைந்துபோன கால் முழுதாக நிமிராது. போர்டெடெல்லாவால் மட்டும் தேய்ந்த மூக்குச் சுருள் காற்று நல்லதானால் ஓரளவு மீண்டும் வளரும். பாஸ்டுரெல்லா நச்சு தின்ற சுருள் வளராது. அந்தக் குட்டிக்கு வாங்கும் எந்தப் பையும் வீண். அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிறக்கும் முன் தாயின் ஊசித் தேதியையும் விடியற்காலைத் தாளின் நிறத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.